180 டாலர் கையுறை வாங்கலாமா? சிகாகோ குளிர், சனிக்கிழமை சிகார், ஒரு சின்ன கணக்கு



போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. காபி டம்ளரைக் கையில் எடுத்த நேரத்தில் வீடியோ கால் வந்தது. என்கூட ஒரே காலேஜில் படித்த ஜூனியர். இப்போ சிகாகோவில் ஆன்சைட். அங்கே சனிக்கிழமை ராத்திரி பத்து மணி.

"அண்ணா, விரல் நுனி மூணு வெள்ளையா போயிடுச்சு. தொட்டா நம்ம விரல் மாதிரியே இல்ல. பயமா இருக்கு."

கேமராவில் காட்டினான். ஆள்காட்டி விரல், நடுவிரல், கட்டைவிரல். மெழுகு பூசின மாதிரி இருந்தது. தேய்க்காதே, ஹீட்டர் மேல வைக்காதே, அக்குளில் வச்சு அழுத்திக்கோன்னு சொன்னேன். மரத்துப்போன விரலுக்குச் சூடு தெரியாது. ஹீட்டரில் வைத்தால் வெந்துபோனாலும் தெரியாது. இருபது நிமிஷத்தில் சிவப்பு திரும்பி, ஊசி குத்துகிற மாதிரி வலி வந்தது. வலி வந்தது நல்ல செய்தி. வராமல், விரல் கட்டையாகவே இருந்திருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்.

அரை மணி நேரம் கழித்து ஒரு லிங்க் அனுப்பினான். 180 டாலர் தோல் கையுறை. "மெல்லிசு, ஆனா செம சூடுன்னு போட்டிருக்கான். கார்ட்ல இருக்கு. வாங்கலாமா?"

நம்ம சேனலைத் தொடர்ந்து பார்க்கிறவங்களுக்குத் தெரியும், விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி நான் கேட்கிற முதல் கேள்வி: "இது எதுக்கு?"

"சிகாருக்கு" என்றான்.

முதலில் ஒரு விஷயம் சொல்லிடறேன்

புகையிலை உடலுக்குக் கேடு. புற்றுநோயை உண்டாக்கும். நான் பிடிக்கிறதில்லை, யாரையும் பிடிக்கச் சொல்லவும் இல்லை. ஆனா ஒருத்தன் வெளிக்குளிரில் உட்கார்ந்து பிடிக்கப்போறான் என்றால், அவன் விரலும் பர்ஸும் பத்திரமா இருக்க வழி சொல்றது தப்பில்லைன்னு நினைக்கிறேன். கடைசி வரைக்கும் படிங்க. கையுறையில் ஆரம்பித்த கணக்கு வேற ஒரு இடத்தில் போய் முடிந்தது.

அவன் கதை இதுதான். டீமில் ஒரு சீனியர், ஐம்பது வயசுக்காரர், அதே அபார்ட்மென்ட்டில் இருக்கிறார். சனிக்கிழமை ராத்திரி இரண்டு பேரும் கட்டடத்துக்குப் பின்னாடி இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு சிகார். ஒரு மணி நேரம் பேச்சு. "அண்ணா, ஆபீஸ் வேலையைத் தாண்டி நான் ஒரு மனுஷன்கூட முகம் பார்த்துப் பேசுறது அந்த ஒரு மணி நேரம்தான்" என்றான். புது ஊர், தனி ரூம், நாலு மணிக்கே இருட்டுகிற சாயங்காலம். அது சிகாருக்கான நேரம் மட்டும் இல்லைன்னு எனக்குப் புரிந்தது. அதனால் "விட்டுடுடா" என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனசு வரலை.

ஏன் வெளியில் உட்காரணும்? இல்லினாய்ஸ் மாநிலத்தில் 2008 ஜனவரி 1 முதல் பொது இடங்களின் உள்ளேயும் வேலை செய்கிற இடங்களிலும் புகைக்கத் தடை. வாசலில் இருந்து 15 அடி தள்ளித்தான் நிற்கணும். அவனுடைய வாடகை ஒப்பந்தத்திலும் வீட்டுக்குள்ளே புகைக்கக் கூடாது என்று இருக்கிறது. அதனால் மழையோ பனியோ, பெஞ்சுதான்.

என் தாத்தா திருச்சி உறையூர்க்காரர். ஒரு காலத்தில் சுருட்டுக்குப் பேர்போன ஊர். ஆங்கிலத்தில் இருக்கிற 'செரூட்' என்ற வார்த்தையே நம்ம 'சுருட்டு'தான். மார்கழி விடியலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பிடிப்பார். 20 டிகிரிக்கு அந்தத் துண்டு போதும். மிச்சிகன் ஏரிக்காற்றுக்குப் போதாது.

என் 90 டாலர் பாடம்

நானும் அந்த ஊரில் ஒரு குளிர்காலம் இருந்திருக்கிறேன். 2019 ஜனவரியில் ஆடிட் வேலையாகப் போயிருந்தேன். அந்த மாசம் 30ஆம் தேதி சிகாகோவில் வெப்பநிலை மைனஸ் 31 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இறங்கியது. போய் இறங்கின வாரமே பயத்தில் 90 டாலருக்குப் பனிச்சறுக்குக் கையுறை ஒன்று வாங்கினேன். குண்டு குண்டா, பாக்ஸிங் கிளவுஸ் மாதிரி.

உள்ளே கை கதகதப்பா இருந்தது. பிரச்சினை என்னன்னா, அதைப் போட்டுக்கொண்டு ஒரு வேலையும் செய்ய முடியாது. ரயில் கார்டை எடுக்கக் கழட்டணும். மேப் பார்க்கக் கழட்டணும். சாவி போடக் கழட்டணும். ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் ஆறு ஏழு தடவை வெறுங்கை. ஒவ்வொரு தடவையும் ஜில்லிட்ட கையை மறுபடி உள்ளே விட்டால், அது சூடாகவே பத்து நிமிஷம்.

அன்றைக்குக் கற்றுக்கொண்டது: கழட்ட வேண்டிய அவசியம் வராத கையுறைதான் சூடான கையுறை. பாக்கெட்டுக்குள் இருக்கிற கையுறை எத்தனை டாலராக இருந்தாலும் விரலுக்கு ஒன்றும் செய்யாது.

தம்பிக்கும் அதேதான் நடந்திருக்கிறது. அவனிடம் ஏற்கெனவே ஒரு தடிமனான கையுறை இருந்தது. சிகார் பிடிக்கிற வலது கைக்கு மட்டும் அதைக் கழட்டி வைத்துவிட்டு ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருக்கிறான். வெள்ளையான மூன்று விரலும் சிகாரைப் பிடித்த மூன்று விரல்தான்.

அமெரிக்க தேசிய வானிலைத் துறையின் காற்றுக்குளிர் அட்டவணை என்ன சொல்கிறது தெரியுமா? மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 28 மாதிரி. மூடாத தோல் 30 நிமிஷத்தில் உறைய ஆரம்பிக்கலாம். ஒரு நடுத்தர சிகார் முடிய 45 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம். இந்த இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. வெறுங்கையோடு சிகாரை முடிக்கிறது அந்தக் குளிரில் நடக்காத காரியம்.

மெல்லிசும் வேணும், சூடும் வேணும்: இது ஏன் கஷ்டம்?

கையுறை சூட்டை உண்டாக்குவதில்லை. உங்க ரத்தம் விரலுக்குக் கொண்டுவருகிற சூட்டை வெளியே போகாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். பிடித்து வைக்கிறது துணிகூட இல்லை. இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்று. மெல்லிசு என்றாலே அந்தக் காற்றுக்கு இடம் குறைவு. அதனால் "மெல்லிசு, ஆனா செம சூடு" என்கிற விளம்பரத்தை "ரிஸ்க் இல்லாத, அதிக வருமானம் தரும் முதலீடு" மாதிரி பாருங்க. ஓரளவுக்குத்தான் இரண்டும் சேர்ந்து வரும். மிச்சத்துக்கு எதையாவது விட்டுக்கொடுக்கணும்.

விரலுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. அது ஒல்லி. கொஞ்சம் சதை, அதைச் சுற்றி நாலு பக்கமும் தோல். ஐந்து விரலையும் தனித்தனி உறைக்குள் போட்டால் ஒவ்வொன்றும் தனியாகக் குளிரும். நாலு விரலையும் ஒரே பைக்குள் போட்டால் ஒன்றை ஒன்று சூடாக்கும். அதான் மிட்டன். குழந்தைகளுக்குப் போடுவாங்களே, கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை வைத்தது, அது. அதே துணி, அதே தடிமன் என்றால் விரல் பிரித்த கையுறையைவிட மிட்டன்தான் சூடு.

சாமான் வாங்கறதுக்கு முன்னாடி வேலையைப் பிரிங்க

ஆடிட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு செலவைக் குறைக்கணும்னா முதலில் அந்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்போம். சிகாரில் கைக்கு மூன்று வேலை.

ஒன்று, நுனியை வெட்டுவது. கட்டரின் இரண்டு வளையத்துக்குள் விரல் போகணும். தடிமனான கையுறையோடு முடியாது. ஆனால் இதை ஏன் வெளியில் போய்ச் செய்யணும்? வீட்டுக்குள்ளேயே வெட்டிக்கொண்டு கிளம்பலாம். செலவு பூஜ்யம்.

இரண்டு, பற்ற வைப்பது. இதுக்குத்தான் நிஜமாகவே விரல் நுனி வேண்டும். ஆனால் ஒரு நிமிஷ வேலை, மிஞ்சினால் இரண்டு நிமிஷம்.

மூன்று, பிடித்துக்கொண்டிருப்பது. ஐம்பது நிமிஷம் ஓடுகிற வேலை இதுதான். நல்ல செய்தி என்னன்னா, இதுக்கு நுணுக்கம் வேண்டாம். சிகரெட் சுமார் 8 மில்லிமீட்டர் கனம்தான். சிகார் குண்டு. கடையில் '50 ரிங்' என்று சொல்வது ஓர் அங்குலத்தை 64 பாகமாகப் பிரித்து அதில் 50 பாகம். அதாவது கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர். இதைக் கையுறை போட்டுக்கொண்டு தாராளமாகப் பிடிக்கலாம். சாம்பல் தட்டில் வைத்துவிட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்து இழுத்தாலும் அணையாது.

ஆக, ஐம்பது நிமிஷத்தில் மெல்லிசு கட்டாயம் தேவைப்படுகிற நேரம் இரண்டு நிமிஷம். மீதி 48 நிமிஷம் சூடுதான் முக்கியம். 180 டாலர் கையுறை அந்த இரண்டு நிமிஷத்துக்காக 48 நிமிஷச் சூட்டை விட்டுக்கொடுக்கிறது. இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஒன்றுக்குப் பதில் இரண்டு

எங்க தீர்வு ரொம்ப சிம்பிள். உள்ளே ஒரு மெல்லிய லைனர். மேலே ஒரு மடக்கு மிட்டன், அதாவது விரல் பகுதியில் இருக்கிற மூடியைப் பின்னாடி மடித்துக்கொள்ளலாம். பற்ற வைக்கும்போது மூடியைத் திறந்தால் லைனர் போட்ட விரல் வெளியே வரும். வேலை முடிந்ததும் மூடிவிடலாம். எந்த நேரத்திலும் வெறும் தோல் காற்றில் படாது. மீன் பிடிக்கிறவங்களும் குளிர் பிரதேச ஃபோட்டோகிராஃபர்களும் ரொம்ப நாளாக இப்படித்தான் சமாளிக்கிறாங்க.

இப்போ துணி விஷயம். இங்கேதான் கொஞ்சம் கவனம் வேணும், ஏன்னா பக்கத்தில் நெருப்பு இருக்கிறது.

மெரினோ கம்பளி: லைனருக்கு என் முதல் சாய்ஸ். கொஞ்சம் ஈரமானாலும் சூடு தரும். நெருப்பு பட்டால் உருகாது, கருகி நின்றுவிடும். குறை என்னன்னா, விரல் நுனி சீக்கிரம் தேயும். நெருக்கமாகப் பின்னினதைப் பாருங்க. பொசுபொசுன்னு இருந்தால் இழை சிகார் இலையில் ஒட்டும்.

பட்டு: எல்லாவற்றிலும் மெல்லிசு, இதுவும் உருகாது. ஆனால் தனியாகப் போட்டால் சிகாகோவுக்குக் காணாது, கொஞ்சம் வழுக்கும்.

நைலான், பாலியஸ்டர், அக்ரிலிக்: மலிவு, உழைக்கும். ஆனால் நெருப்பு பட்டால் இளகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் சுமார் 255 டிகிரியில் உருகும், பாலிப்ரோப்பிலீன் 165 டிகிரியிலேயே. சிகார் கங்கின் சூடு இதைத் தாண்டிவிடும், டார்ச் லைட்டர் சுவாலை அதைவிட மேலே. பஸ்ஸுக்குப் போக இந்தத் துணி சரி. லைட்டர் பிடிக்கிற விரலுக்கு வேண்டாம்.

தோல்: காற்றைத் தடுக்கும், பிடிமானம் கிடைக்கும், பொறி பட்டாலும் உடனே ஓட்டையாகாது. அதனால் மிட்டனின் உள்ளங்கைப் பகுதி ஆட்டுத்தோலோ மான்தோலோ இருந்தால் நல்லது. அதுக்குள்ளே தின்சுலேட், பிரைமாலாஃப்ட் மாதிரி மெல்லிய அடைப்பு இருக்கலாம். அந்தச் செயற்கை இழை தோலுக்கு உள்ளே இருப்பதால் நெருப்பு நேரே படாது.

பேட்டரி சூட்டுக் கையுறை: தம்பி இதையும் கேட்டான். பேட்டரியும் கம்பியும் சேர்ந்து தடிமனாகிவிடும். குளிரில் லித்தியம் பேட்டரியின் சக்தியும் குறையும். ஒரு மணி நேர பெஞ்சுக்கு இது ஓவர். அதுக்குப் பதிலா காற்றுப் பட்டால் சூடாகிற சின்ன பொட்டலங்கள் கடையில் கிடைக்கும். இரும்புத் தூள் துருப்பிடிக்கிற சூடுதான் அது. லைனருக்கு மேலே, மிட்டனுக்குள்ளே, புறங்கைப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். நேரே தோலில் படாமல் பார்த்துக்கோங்க.

அளவு: இறுக்கம் வேண்டாம்

கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி டேப் வைத்து அளங்க. எத்தனை அங்குலமோ கிட்டத்தட்ட அதுதான் உங்க கையுறை நம்பர். 8 அங்குலம் என்றால் 8. லைனர் தோலோடு ஒட்டி இருக்கலாம், ஆனால் அழுத்தக் கூடாது. அழுத்தினால் ரத்தம் போகாது, ரத்தம் போகாவிட்டால் சூடும் போகாது. மேலே போடுகிற மிட்டன் ஒரு சைஸ் பெரிசாக இருக்கட்டும். லைனரைப் போட்டுக்கொண்டுதான் மிட்டனை ட்ரையல் பார்க்கணும். கடையில் சட்டையைக் கழட்டிவிட்டு கோட் அளவு பார்க்கிறோமா என்ன?

இப்போ கணக்கு

தம்பி பார்த்த விலைகள் இவை. டிசம்பர் முதல் மார்ச் வரை சுமார் 16 சனிக்கிழமை. ஐந்து குளிர்காலத்துக்குக் கணக்கு போடுவோம். ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

- அ) 180 டாலர் தோல் கையுறை, ஐந்து வருஷம் வரும் என்று நம்புவோம். மொத்தம் 180 டாலர், 15,300 ரூபாய்.
- ஆ) 45 டாலர் மடக்கு மிட்டன் ஐந்து வருஷம். 25 டாலர் மெரினோ லைனர் இரண்டு குளிர்காலத்துக்கு ஒன்று, ஆக மூன்று. மொத்தம் 120 டாலர், 10,200 ரூபாய்.
- இ) 10 டாலர் அக்ரிலிக், வருஷத்துக்கு ஒன்று. மொத்தம் 50 டாலர், 4,250 ரூபாய்.

வெறும் விலையைப் பார்த்தால் இ) ஜெயிக்கும். ஆனால் அது காற்றைத் தடுக்காது, நெருப்பில் உருகும். "ஒரு தடவை போட எவ்வளவு ஆகுது" என்று நான் அடிக்கடி வீடியோவில் சொல்வேன் இல்லையா, அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வகுக்க வேண்டிய எண் நீங்க அதை வைத்திருக்கிற நாள் கணக்கு இல்லை, அது வேலை செய்கிற நேரம். ஐம்பது நிமிஷமும் கையில் இருக்கப்போவது ஆ)தான். லைனரைத் தனியாக ஆபீஸ் போகும்போதும் போட்டுக்கலாம். நுனியில் மின்கடத்தும் நூல் வைத்ததாகப் பார்த்து வாங்கினால் ஃபோனும் வேலை செய்யும்.

சரி, இங்கே நான் இன்னொரு வரி எழுதினேன். அதைப் பார்த்ததும் எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. கையுறைக்கு வருஷத்துக்கு 24 டாலர், அதாவது 2,040 ரூபாய். அவன் பிடிக்கிற சிகார் ஒன்று 12 டாலர். வருஷத்துக்கு 52 சனிக்கிழமை. 624 டாலர், 53,040 ரூபாய். பத்து நாளாக அவன் ரிவ்யூ படித்து மண்டையை உடைத்துக்கொண்டது 2,040 ரூபாய்க்கு. 53,040 ரூபாயைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நாம எல்லாரும் இப்படித்தான். மிக்ஸிக்கு நாலு கடை ஏறி இறங்குவோம், வீட்டுக் கடன் வட்டியைக் கேட்காமலே கையெழுத்துப் போடுவோம்.

காசு செலவில்லாத மூன்று விஷயம்

லைட்டர் கோட்டின் உள்பாக்கெட்டில் இருக்கட்டும். பியூட்டேன் வாயு பூஜ்ய டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனாலே ஆவியாக மறுக்கும். லைட்டர் பற்றாமல் பத்து தடவை தட்டும் நேரம் முழுக்க விரல்தான் வெளியே இருக்கும்.

சின்ன சிகாருக்கு மாறுங்க. அரை மணிக்குள் முடிகிற சைஸ் கிடைக்கிறது. அட்டவணையில் இருந்த 30 நிமிஷம் ஞாபகம் இருக்கு இல்லையா? செலவும் குறையும். வறண்ட குளிர்காற்றில் பெரிய சிகாரின் மேல் இலை வெடிக்கிற தொல்லையும் குறையும்.

உடம்பை மூடுங்க. நெஞ்சும் கழுத்தும் தலையும் குளிர்ந்தால் உடம்பு முதலில் கைகால் ரத்தத்தைத்தான் வெட்டும், பணம் இறுகினால் கம்பெனி முதலில் ட்ராவல் பட்ஜெட்டை வெட்டுகிற மாதிரி. நல்ல கோட்டும் மஃப்ளரும் குல்லாவும் கையுறையின் பாதி வேலையைச் செய்துவிடும்.

எந்தக் கையுறையாலும் முடியாத ஒன்று

இதையும் நேர்மையாகச் சொல்லணும். நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கும், முக்கியமாக விரல்களில். கையுறை ரத்தத்தின் சூட்டைப் பிடித்து வைக்கிற பைதான் என்று மேலே சொன்னேன். அந்தப் பைக்குள் வருகிற ரத்தத்தையே சிகார் குறைக்கிறது. ஒரு பக்கம் டாலர் கொடுத்துச் சூடு வாங்குகிறோம், இன்னொரு பக்கம் டாலர் கொடுத்துக் குளிர் வாங்குகிறோம்.

தம்பியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. போன மாசம் அவன் இந்தியாவில் டேர்ம் இன்ஷூரன்ஸுக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லியிருந்தான். 2 கோடி கவர். ஊரில் அப்பா பெயரில் வீட்டுக் கடன், மனைவி, ஒன்றரை வயசுக் குழந்தை.

"டேய், அந்த ஃபார்ம்ல புகையிலை கேள்விக்கு என்ன போட்ட?"

"இல்லைன்னுதான் போட்டு வச்சிருக்கேன் அண்ணா. இன்னும் சப்மிட் பண்ணல. வாரத்துக்கு ஒண்ணுதானே, அதெல்லாம் ஸ்மோக்கரா?"

ஆமாம். வாரத்துக்கு ஒன்றும் ஆமாம்தான். சிகரெட்டா, சிகாரா, ஹான்ஸா, எத்தனை என்பது அடுத்த கேள்வி. கடந்த 12 மாசத்தில் எந்த வடிவத்திலாவது புகையிலை எடுத்தீங்களா என்பதுதான் பொதுவாக ஃபார்மில் இருக்கிற கேள்வி. மெடிக்கல் டெஸ்ட்டில் கோட்டினின் என்று ஒன்று பார்ப்பாங்க; நிக்கோட்டின் உடம்பில் உடைந்து உண்டாவது. சிகார் பிடித்துச் சில நாள் வரைக்கும் தெரியலாம்.

டெஸ்ட்டில் மாட்டாமல் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். இன்ஷூரன்ஸ் சட்டம் 45ஆம் பிரிவு, முதல் மூன்று வருஷத்துக்குள் உண்மையை மறைத்தது தெரிந்தால் பாலிசியைக் கேள்வி கேட்கக் கம்பெனிக்கு உரிமை தருகிறது. மோசடி இல்லை, தகவலை மறைத்ததுதான் என்று ஆனால்கூட, 2 கோடிக்குப் பதிலாகக் கட்டின பிரீமியம்தான் குடும்பத்துக்குத் திரும்ப வரும். "மூணு வருஷம் தாண்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாதாமே" என்று கேட்கிறவங்களுக்கு: அந்த மூன்று வருஷத்துக்குள் உங்களுக்கு எதுவும் ஆகாது என்று உத்தரவாதம் இருந்தால் நீங்க டேர்ம் பாலிசியே எடுக்க வேண்டாமே!

"ஆமாம்" என்று போட்டால் பிரீமியம் கூடும். ஒரு உதாரணத்துக்கு, 20,000 ரூபாய் கட்ட வேண்டியவர் 32,000 கட்ட வேண்டி வந்தால் வருஷத்துக்கு 12,000 வித்தியாசம். 30 வருஷத்தில் 3.6 லட்சம். வலிக்கும்தான். ஆனால் அது சிகாரின் நிஜ விலையில் ஒரு பகுதி. அதைக் கட்டாமல் விட்டால், அந்தக் கணக்கை அவன் மனைவி ஒருநாள் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டி வரும்.

கடைசியில் என்ன ஆச்சு?

கார்ட்டில் இருந்த 180 டாலர் கையுறையை நீக்கினான். 70 டாலருக்கு லைனரும் மடக்கு மிட்டனும் வாங்கினான். மிச்சம் 110 டாலர். ஃபார்மில் 'இல்லை'யை 'ஆமாம்' என்று மாற்றினான். கூடுதல் பிரீமியத்தோடு பாலிசி வந்தது. "கடுப்பா இருக்கு அண்ணா, ஆனா நிம்மதியா இருக்கு" என்றான். பன்னிரண்டு மாசம் புகையிலையைத் தொடாமல் இருந்தால், புகைக்காதவர் விலையில் புதுசாக விண்ணப்பிக்க முடியுமா என்றும் அவனே கேட்டான். கம்பெனியைப் பொறுத்தது, ஆனால் வழி இருக்கிறது என்றேன். புதுப் பாலிசி கைக்கு வருகிற வரை பழசை நிறுத்தாதே என்றும் சொன்னேன்.

போன வாரம் மறுபடி கூப்பிட்டான். இன்னும் முழுசாக விடவில்லை. இரண்டு பேரும் அரை மணி நேர சைஸுக்கு மாறி, அதையும் மாசத்துக்கு ஒன்றாகக் குறைத்திருக்கிறார்கள். மற்ற சனிக்கிழமைகளில் அதே பெஞ்ச், ஃபிளாஸ்கில் சுக்குக் காபி. சீனியர் குளிரில் கையை ஊதிக்கொண்டிருந்தாராம். மிச்சமான பணத்தில் அவருக்கும் ஒரு லைனர் வாங்கிக் கொடுத்தானாம்.

அந்த 25 டாலருக்கு மட்டும் நான் கணக்கு கேட்கவில்லை.

நீங்களும் ஆன்சைட் கிளம்புகிறவர் என்றால், ஏர்போர்ட் போவதற்கு முன்னாடி இரண்டு வேலை செய்யுங்க. கையுறையைப் போட்டுக்கொண்டு ஃபோனை எடுத்து, சாவியைத் திருப்பிப் பாருங்க. கழட்டாமல் முடிந்தால் எடுத்துட்டுப் போங்க. அப்படியே உங்க டேர்ம் பாலிசி விண்ணப்பத்தின் நகலையும் ஒரு தடவை திறந்து, அந்தப் புகையிலைக் கேள்விக்கு என்ன பதில் இருக்கிறது என்று பாருங்க. ஏஜென்ட் நிரப்பிக் கொடுத்த ஃபார்மாக இருந்தால் கட்டாயம் பாருங்க. கையெழுத்து உங்களுடையது.

45ஆம் பிரிவைப் பற்றி விரிவாக நம்ம சேனலில் பேசுவோம். அதுவரைக்கும் கையும் காசும் பத்திரம், நண்பர்களே!